ரம்புத்தான் கிளையில் தொங்கும் கைப்பேசிகள்

எங்கள் தோட்டத்து ரம்புத்தான் மரத்தில் கைப்பேசி காய்க்கும். ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள் சிரிக்க வேண்டாம், மாலை ஐந்து மணிக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்று பாருங்கள். கடையில் தேநீர் கட்டிக் கொடுக்கும் பிளாஸ்டிக் பைகளுக்குள் ஏழெட்டுக் கைப்பேசிகள் கயிற்றில் தொங்கும். மலேசியாவில் நியாலாஸ் என்ற சிற்றூரிலிருந்து எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் வெகுதூரம் தள்ளி இருக்கிற இந்த லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், அந்த மரத்தில் மட்டும்தான் சிக்னல் எப்போதாவது எட்டிப் பார்க்கும். கல்யாணமாகி மானாமதுரையிலிருந்து வந்த முதல் வாரம், அந்தப் பைகளை யாரோ வேண்டிக்கொண்டு கட்டிய நேர்த்திக்கடன் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பார்வதி அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தங்கச்சி, அது சாமி இல்ல லா, போனு!" இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதி அவர்தான்.

மானாமதுரையில் எங்கள் பக்கத்து வீட்டு மொட்டை மாடியிலேயே டவர் நின்றது. அதன் பக்கத்தில்தான் அம்மா வடகம் காயப்போடுவார். சிக்னல் என்று ஒன்று இருப்பதே எனக்கு அங்கே தெரியாது, குழாயில் தண்ணீர் வராத நாளில்தானே தண்ணீரைப் பற்றி நினைக்கிறோம். இங்கே வந்த பிறகு அண்ணனிடம் லைன் கிடைக்கவில்லை என்று சொன்னால் அவன் நம்புவதே இல்லை. "மலேசியாவுல சிக்னல் இல்லையா? யார்கிட்ட கதை விடுற?" என்பான். அவனுக்குத் தெரிந்த மலேசியா நாள்காட்டியில் இருக்கும் இரட்டைக் கோபுரம். செம்பனை மட்டைகளுக்குக் கீழேயும் ஒரு மலேசியா இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லிப் புரியவைக்க ஒன்பது வருடமாக முயன்றுகொண்டிருக்கிறேன்.

போன வருடம்வரை இது வெறும் தொல்லையாக இருந்தது. பிறகுதான் ஆபீசில் பெரட்டை நிறுத்தினார்கள். பெரட்டு என்றால் விடிகாலையில் வேலையாட்களை வரிசையில் நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவது. ரப்பர் காலத்திலிருந்து இருந்த வழக்கம். இப்போது லயத்தில் எல்லாருக்கும், வேலைக்குப் போகாத எனக்கும்கூட, ஆபீசே ஒரே கம்பெனி சிம் கொடுத்தது. மாலையில் கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கர், மறுநாள் வேலைப் பட்டியலை வாட்ஸ்அப்பில் போடுவார். வேலையாட்கள் ஏழு மணிக்குள் அந்தச் சிம் எண்ணிலிருந்தே கட்டைவிரல் படம் அனுப்ப வேண்டும். அனுப்பாதவர்களுக்கு மறுநாள் வேலை இல்லை. இவர்களுடைய பாட்டன் பூட்டன் கட்டைவிரலில் மை தடவிக் கைநாட்டு வைத்தார்கள், பேரப்பிள்ளைகள் கட்டைவிரல் படம் அனுப்புகிறார்கள். இதற்குப் பெயர் முன்னேற்றமாம்.

உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கும் பார்வதி அக்காவின் கட்டைவிரல் ஒரே மாதத்தில் பலமுறை போய்ச் சேரவில்லை. மரத்தில் கட்டினார், கம்பில் கட்டித் தூக்கிப் பிடித்தார், புதுப் போன்கூட வாங்கினார். கடைசியில் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. இன்னொரு முறை தவறினால் வேலையிலிருந்து பெயர் நீக்கப்படுமாம். தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். முப்பது வருடம் குடியிருக்கும் வீடு. அக்கா அழவில்லை. கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாளே ஜாசின் டவுனுக்கு பஸ் ஏறி, அந்தச் சிம் விற்கும் கடைக்குப் போனேன். எனக்குத் தெரிந்த மலாயில் எங்கள் தோட்டத்தில் லைன் இல்லை என்றேன். முக்காடு போட்ட அந்தப் பெண் அன்பாகச் சிரித்து, புது லைனுக்கான படிவத்தை நீட்டினாள். மறுபடி விளக்கினேன். என் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போன் பழசு, காக்கா" என்றாள். இங்கே காக்கா என்றால் அக்கா. அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

ஆபீசில் கிராணியும் அதையே சொன்னார். ஜாசினிலிருந்து வந்துபோகும் தமிழ்ப் பையன்தான். "சிக்னல் எல்லா எடத்துலயும் இருக்கு லா அக்கா. போன்தான் பிரச்சனை. நீங்க இந்தியாவுலேர்ந்து வந்தவங்க, இங்க உள்ள சிஸ்டம் ஒங்களுக்குத் தெரியாது."

"தெரியாதுதான் தம்பி. நாளைக்குச் சாயங்காலம் மரத்தடிக்கு வாங்க, தெரிஞ்சுக்குவோம்" என்றேன்.

என்ன தோன்றியதோ, வந்துவிட்டார். மரத்தடி பெஞ்சில் ஆபீஸ் சிம் போட்ட போன்களை வரிசையாக வைத்திருந்தேன். லாரி ஓட்டும் என் கணவரின் விலையுயர்ந்த போன், அக்காவின் புதுப் போன், திரை உடைந்த ஒரு மலிவுப் போன், காவற்காரர் தாத்தாவின் பட்டன் போன். லயமே கூடி நின்றது. விலையுயர்ந்த போனில் ஒரு கோடு வந்தது, உடனே போனது. புதுப் போனில் பெருக்கல் குறி. மலிவுப் போனும் அப்படியே. பட்டன் போனில் மட்டும் இரண்டு கோடு அசையாமல் நின்றது. கிராணியின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? நான் சொன்னேன்ல, போனுக்குப் போன் வித்தியாசம்!"

 நானே கூட்டம் கூட்டி அக்காவின் வீட்டைப் பறிகொடுத்துவிட்டேனோ என்று பயந்தேன். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அது பேச மட்டும்தான், பட்டன் போன்ல வாட்ஸ்அப் அனுப்பிக் காட்டுங்க" என்று காவற்காரர் முணுமுணுத்ததைக் கிராணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்போதுதான் என் இடுப்பில் செருகியிருந்த போன் நினைவுக்கு வந்தது. கடைக்காரப் பெண் பழசு என்று தள்ளிய அதே போன். அதில் இரண்டு சிம். ஒன்று ஆபீஸ் கொடுத்தது. மற்றது ஊரிலிருந்து கொண்டுவந்த இந்தியச் சிம். அதற்கு நான் காசு போடுவது, ஊர் பேங்கிலிருந்து வரும் குறுஞ்செய்திக்காக மட்டும். வெளிநாட்டுச் சிம் என்பதால், எங்கோ தள்ளிப் புதிதாக நட்ட வேறு கம்பெனி டவரைக்கூட அது பிடித்துக்கொள்ளும். திரையைத் திருப்பிக் காட்டினேன். ஆபீஸ் சிம்முக்கு ஒரு கோடும் இல்லை. இந்தியச் சிம்முக்கு நான்கு கோடும் நிரம்பி நின்றன.

"ஒரே போன், ஒரே மரம். இப்ப சொல்லுங்க தம்பி, போனா பிரச்சனை?"

"சிம் போடுற எடம் மாறியிருக்கும்" என்றார். அங்கேயே கம்மலின் முனையால் இரண்டு சிம்மையும் எடுத்து, இடம் மாற்றிப் போட்டேன். கோடுகளும் இடம் மாறின. இந்தியாவுக்கு நான்கு, ஆபீசுக்குப் பூஜ்யம். யாரோ கை தட்டினார்கள்.

"அதுக்காக எல்லாருக்கும் இந்தியா சிம்மா வாங்கித் தர முடியும்?" என்றார் கடுப்பாக.

"வேணாம். நாலு தலைமுறையா இங்க இருக்கிறவங்களுக்கு எதுக்கு என்னோட சிம்? இவங்களுக்கு இந்த ஊர் டவர் வேணும். அது வர்ற வரைக்கும் காலையில பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. காது எல்லாருக்கும் நல்லா கேக்குது."

 அவர் இரண்டு சிம்மின் கோடுகளும் தெரிகிற மாதிரி என் திரையைப் படம் பிடித்துக்கொண்டார். அதை மேனேஜரிடம் நேர்மையாகக் காட்டினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மறுவாரம் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பெரட்டு மறுபடி தொடங்கியது. ஆபீஸ் சிம்முக்கான டவர் இன்னும் வரவில்லை, அதற்கும் லயத்தில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

"இந்தியா சிம்ம எடுத்துட்டு வேற கம்பெனி சிம் போட்டா ஒனக்கு நல்லா லைன் கிடைக்கும்ல?" என்கிறார் என் கணவர். நியாயம்தான். நான் எடுக்க மாட்டேன். எவருக்கும் பிடிக்காவிட்டால் பிடிக்காமல் போகட்டும், ஆபீஸ் சிம்மையும் எடுக்க மாட்டேன். நான்கு கோடு நிரம்பிய அந்த எண்ணில் என்னை யாரும் கூப்பிடுவதில்லை. அம்மா கூப்பிடுவதும் அக்கா கூப்பிடுவதும் கோடே இல்லாத எண்ணில்தான்.

இன்று காலையும் போனைப் பையில் போட்டுக் கிளையில் கட்டிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் பக்கமிருந்து பெயர் கூப்பிடும் குரல் கேட்டது. "பார்வதி!" அதற்கு அக்கா போட்ட "இருக்கேன்!" நான்கு லயம் தாண்டி என் வாசலுக்கே வந்தது. என் பெயர் அந்தப் பட்டியலில் கிடையாது, ஊர் ரேஷன் அட்டையிலிருந்தும் எப்போதோ எடுத்துவிட்டார்கள். யாரும் கூப்பிடாமலே, மரத்தடியில் நின்று நானும் சத்தமாகச் சொன்னேன், "இருக்கேன்."