ஊர் விலக்கில் மூன்று ஹாரன்

அந்த ஹாரன் கேட்டதும் அம்மா குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வெந்நீர்ப் பானையை அடுப்பில் ஏற்றினாள். ஒரு நீளம், அப்புறம் இரண்டு குட்டை. அப்பாவின் பஸ், மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கைக் கடக்கும்போது அடிக்கிற ஹாரன். கடைசி டிரிப்பை முடித்து, வண்டியை விட்டுவிட்டு அவர் வீடு வந்து சேர்வதற்குள் குளிக்க வெந்நீர் காய்ந்திருக்க வேண்டும். பானையை ஏற்றிய பிறகுதான் அம்மாவுக்கு உறைத்தது போலும். கை அப்படியே நின்றுவிட்டது. அப்பா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

அறைக்குள் வந்து, "யாருடி அடிச்சது?" என்றாள்.

தங்கச்சி லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான்தாம்மா. பஸ் ஓட்டுறேன்."

அவள் கல்லூரியில் இரண்டாம் வருடம். படிப்பை விடப் பஸ் ஓட்டும் விளையாட்டில்தான் நேரம் போகும். பழைய விளையாட்டு அது. நம் ஊர்ப் பையன்கள் அதற்கு நம் ஊர் பஸ்களையும் நம் ஊர் ரோடுகளையும் செய்து இணையத்தில் போடுவார்கள். அன்றைக்கு அவள் இறக்கியிருந்தது புதுக்கோட்டை - கறம்பக்குடி ரூட். தைலமரக் காடு, செம்மண் ஓரம், வேகத்தடை எல்லாம் இருந்தன. செய்தவன் ஏதோ ஒரு காலத்தில் அப்பாவின் பஸ்ஸில், டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் மேல் உட்கார்ந்து, போனில் சத்தத்தைப் பதிவு செய்திருக்கிறான். எந்த இடத்தில் எடுத்தானோ அந்தச் சத்தத்தை விளையாட்டிலும் அதே இடத்தில் வைத்திருந்தான்.

எங்கள் விலக்கு வந்ததும் ஹாரன் அடித்தது. பின்னாலேயே ஒரு பையன் குரல்: "எதுக்குண்ணே இங்க மட்டும் மூணு தடவ?"

"எம்..." என்று அப்பாவின் குரல் வந்தது. உடனே படம் உறைந்து, சத்தமும் நின்றது. மறுபடி ஓட ஆரம்பித்தபோது கண்டக்டரின் விசில்தான் கேட்டது. பஸ் அடுத்த வளைவில் இருந்தது.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னொருக்கா போடு."

இன்னொரு தடவையும் "எம்" வரைக்கும்தான்.

எங்களிடம் அப்பாவின் குரல் வேறு எங்கேயும் இல்லை. அவர் வைத்திருந்தது பட்டன் போன். கல்யாண வீடுகளில் வீடியோக்காரர் வந்தால் பந்திப் பக்கம் போய்விடுவார். கறம்பக்குடியில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்க இறங்கியவர் திரும்ப ஏறவில்லை. சுவரில் மாட்ட லைசென்ஸ் போட்டோவைத்தான் பெரிதாக்கினோம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இப்போது ஒரு தனியார் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப் என் பொறுப்பில் இருக்கிறது. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. அதனால் அம்மா என்னைப் பார்த்ததில் ஆச்சரியமும் இல்லை.

"அவுக என்ன சொல்றாகன்னு முழுசாக் கேக்க வையி. அதுக்குத்தான படிச்ச?"

முதலில் சத்தக் கோப்பைத் தேடினேன். யாரும் திருடாமலிருக்க அந்தப் பையன் எல்லாவற்றையும் பூட்டி வைத்திருந்தான். அவனுக்கு எழுதிப் பார்த்தேன், பதில் வரவில்லை. அவன் போட்டிருந்த வீடியோக்களில் பஸ் சத்தத்துக்கு மேல் சினிமாப் பாட்டு ஓடியது. லேப்டாப் பழசு, அதன் பிராசஸரில் வேலை செய்யும் கோர் இரண்டுதான். குறை அதில்தான் என்று முடிவு செய்தேன்.

"ஒருத்தர் செய்ற வேலைய எட்டுப் பேரு பங்கு போட்டுச் செஞ்சா தேங்குமா? எட்டு கோர் போட்டா தண்ணியா ஓடும்" என்றேன்.

"மேடம் சொல்லிட்டாங்க" என்றாள் தங்கச்சி.

எட்டு கோர் பிராசஸரோடு கம்ப்யூட்டர் வந்தது. பெட்டியைப் பிரித்து நானே எல்லாவற்றையும் மாட்டினேன். சாயங்காலம் அம்மா விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஹாரன் அடித்தது. பையன் கேட்டான். அப்பா சொன்னார்:

"எம் பெரிய புள்ள இருக்கே..."

உறைந்தது. விசில்.

பெரிய புள்ள என்றால் நான்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கச்சி மட்டும், "எட்டுப் பேரும் சேந்து மூணு வார்த்த கூடக் கொண்டாந்திருக்காங்க" என்றாள்.

அந்த நாட்களில் என்னால் எதையும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை. லேபில் எல்லா மெஷினின் ஃபேனும் ஒன்றாக ஓடும் இரைச்சலில், திடீரென்று அந்தப் பாதி வாக்கியம் கேட்கும். திரும்பிப் பார்ப்பேன். பின்னால் மாணவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நான் படித்ததைப் பற்றி அப்பா ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. மேலே படிக்கிறேன் என்றபோது "சரி" என்றார். மாப்பிள்ளை பார்க்கச் சொல்லி வந்த சொந்தக்காரர்களிடமும் "சரி" என்றார். எந்தச் சரி உண்மை என்று நான் கேட்கவில்லை. "இருக்கே" என்பதற்கு அப்புறம் என்ன வேண்டுமானாலும் வரலாம். "அது ஒரு திமிர் புடிச்சது" என்றிருக்கலாம். "அது எங்கே நம்ம பேச்சைக் கேக்குது" என்றிருக்கலாம். யாரோ ஒரு பையனிடம், ஓடுகிற வண்டியில், என்னைப் பற்றி எதையோ சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அம்மாவிடம் சொல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எந்தக் கோர் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு தங்கச்சியைப் பஸ்ஸை ஓட்டச் சொன்னேன். எட்டு கோருக்கும் எட்டுக் கட்டம். விலக்கு நெருங்க நெருங்க ஒரு கட்டத்தில் மட்டும் கோடு உச்சிக்குப் போய் நின்றது. மற்ற ஏழும் தரையில் கிடந்தன.

தங்கச்சி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா இது, ஒருத்தன் மாரடிக்கிறான், மத்தவனெல்லாம் தூங்குறான்?"

"பஸ்ஸுல எத்தன சீட்டு இருந்தாலும் டிரைவர் ஒருத்தருதான?" என்று சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. அது ஒற்றைக் கோர் காலத்தில் எழுதிய விளையாட்டு. எதிரே வரும் லாரி, நிறுத்தத்தில் நிற்கும் ஆட்கள், புதிதாக வரும் ரோடு, சத்தம் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. வேலையைப் பிரித்துக் கொடுக்க அதற்குத் தெரியாது. கூடுதலாக மூன்று வார்த்தை கேட்டதுகூட எட்டு கோரால் இல்லை. அந்த ஒரே ஒரு கோர் பழைய லேப்டாப்பில் இருந்ததை விட வேகமானது. புதிய விளையாட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். அதில் எட்டுக் கட்டமும் அசைந்தன.

கோரைக் கூட்டிப் பயனில்லை என்றால் சுமையைக் குறைக்க வேண்டும். செட்டிங்ஸில் வண்டிகளைப் பூஜ்யமாக்கினேன். பயணிகளையும் பூஜ்யமாக்கினேன்.

"ஆளே இல்லாத ரோடா?" என்றாள் தங்கச்சி. "பேய் வண்டில்ல ஓட்டச் சொல்ற."

"ஓட்டு."

அம்மாவைக் கூப்பிட்டேன். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒருவரும் இல்லை. டீக்கடை திறந்திருந்தது, ஆள் இல்லை. தைல மரங்கள் மட்டும் இரண்டு பக்கமும் வந்தன. விலக்கு வந்தது. ஹாரன் அடித்தது. ஒரு நீளம், இரண்டு குட்டை.

"எதுக்குண்ணே இங்க மட்டும் மூணு தடவ?"

"எம் பெரிய புள்ள இருக்கே, இந்நேரம் படிச்சுக்கிட்டு இருக்கும் தம்பி. மொத ரெண்டும் அவுக ஆத்தாளுக்கு, வெந்நி போட. கடைசி ஒண்ணு இதுக்கு. காதப் பொத்திக்கிட்டுத் திட்டும்."

ஒரு சிரிப்பு. கியர் மாறும் சத்தம்.

"திட்டட்டும்னுதான் அடிக்கிறது. திட்டுனா படிக்கிதுன்னு அர்த்தம்."

விசில். பஸ் வளைவைத் தாண்டியது. தங்கச்சி பிரேக்கை அழுத்தி நடு ரோட்டிலேயே நிறுத்திவிட்டாள். பின்னால் ஹாரன் அடிக்க எந்த வண்டியும் இல்லை.

நான் காதைப் பொத்தியது உண்மைதான். பரீட்சை நேரத்தில் அந்த ஹாரன் கேட்டாலே எரிச்சலாக வரும். அது ரோட்டில் போகிறவருக்கு எப்படித் தெரியும்?

"நான்தான் சொன்னேன்" என்றாள் அம்மா. "புள்ள திட்டுது, ரெண்டு எதுக்கு, ஒண்ணோட நிறுத்துங்கன்னேன். அப்பறந்தான் மூணாச்சு." திரையில் நின்ற ரோட்டைப் பார்த்தாள். "மூணும் எனக்குன்னுல்ல நெனச்சேன் இத்தன நாளா."

கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்று ஓடியபோதே அப்பாவின் பேச்சைப் பதிவு செய்து போனில் வைத்திருக்கிறேன். இன்றுவரை ஒரு முறைகூட ஓட விட்டதில்லை. லேபில் பையன்கள் வந்து, "மேடம், கேம் விளையாட எத்தன கோர் வேணும்?" என்று கேட்கிறார்கள். எந்த கேம் என்று முதலில் கேட்கிறேன். புதியதென்றால் ஆறோ எட்டோ வேலை செய்யும், பழையதென்றால் ஒரு கோரின் வேகத்தைப் பார் என்கிறேன்.

அந்த ஆளில்லாத ரூட்டைத் தங்கச்சி மறுபடி ஓட்டவில்லை. "அப்பா ஒரு நாளும் காலி வண்டி ஓட்டுனதில்லக்கா. படியில தொங்குறவனத் திட்டிக்கிட்டேதான் ஓட்டுவாரு" என்று சொல்லி, செட்டிங்ஸில் எல்லாரையும் திரும்பக் கொண்டுவந்துவிட்டாள். கூடையோடு நிற்கும் பெண்கள், பைக்குகள், கரும்பு லாரி. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

இப்போதும் சில சாயங்காலங்களில் அவள் அந்த விலக்கைக் கடக்கிறாள். நான் அடுத்த அறையில் கேள்வித்தாள் தயாரித்துக்கொண்டிருப்பேன். ஹாரன் அடிக்கும். "எம் பெரிய புள்ள இருக்கே" என்பதோடு எல்லாம் உறைந்து போகும். அடுப்படியிலும் பாத்திரச் சத்தம் நிற்கும். அந்த இடைவெளியில் என் கை தானாகக் காதுக்குப் போய்விடுகிறது.