சோலோ என்றால் தனியே

தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் ஏஜென்ட் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஸ்பானிஷ் பேசும் மாலுமிகள் வந்தால் மொழிபெயர்க்க முத்தையாபுரத்திலிருந்து ஒருவரை அழைப்போம். நரைத்த மீசை, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. ஸ்பானிஷைக் கண்மூடிக் கேட்பார். ஆங்கிலத்தில் சொல்லும்போது கண்ணைத் திறப்பார்.

ஒருமுறை, கப்பலின் சரக்கறைக்குள் இறங்கிய மாலுமி மூச்சுத் திணறி இறந்துபோனான். விசாரணையில் அவனுடைய கூட்டாளி, கேப்டனை வைத்துக்கொண்டே, நடுங்கியபடி நீளமாகப் பேசினான். 'சோலோ' என்ற சொல் திரும்பத் திரும்ப என் காதில் விழுந்தது. இவரோ கண்ணைத் திறக்காமலே, "அவன் தனியாக இருந்தான்" என்று ஆங்கிலத்தில் முடித்துவிட்டார்.

எனக்கு அது உறுத்தியது. வெளியே வந்ததும், "அவ்வளவுதான் சொன்னானா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"சோலோன்னா தனியா. தனியா இருந்தான்னு மட்டுமா சொன்னான்? மேல காவலுக்கு ஆள் நிறுத்தாம, கேப்டன்தான் அவனைத் தனியா இறக்கிவிட்டாருன்னு சொன்னான். இவனும் அதே கப்பல்லதான தம்பி போவணும்?"

"அது தெரிஞ்சுதான அண்ணாச்சி அவன் சொன்னான்?"

அவர், அவன் இன்னும் பேசிக்கொண்டிருப்பதைப் போலக் கண்ணை மூடிக்கொண்டார்.