மரத்தடியில் நான் போட்ட நாற்காலி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஈஸ்டர் முடிந்து இரண்டாவது சனிக்கிழமை, கிள்ளானில் ஒரு டயர் கடையின் மாடியில் தொடங்கிய சம்பவம் இது. அந்த மாடிப்படியில் நான் விரும்பி ஏறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சபையின் செயலாளர். எங்களுடையது பழைய ஆலயம். பாமாலை, கீர்த்தனை, ஆர்கன். பிரசங்க நேரத்தில் ஊசி விழுந்தாலும் கேட்கும். அந்த அமைதியைக் கட்டிக் காப்பது என் பொறுப்பு என்று நானாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் வகுப்பறையில் "சத்தம் போடாதே" என்று சொல்லிப் பழகிய வாய் அல்லவா.

சில வருடங்களாக எங்கள் சபைக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் புதிய சபைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. கடைவரிசைகளின் மாடியில், டிரம்ஸும் கைதட்டலும், ஆவி வந்து பேசுவதாகச் சொல்லும் அந்நிய பாஷையுமாக நடக்கும் சபைகள். அவர்கள் எங்களை "தூங்குமூஞ்சி சபை" என்பார்களாம். நாங்கள் அவர்களை "டமாரச் சபை" என்போம். அந்தப் பெயரை வைத்ததே நான்தான். கமிட்டியில் எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது.

எங்கள் சபைச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. வேறு சபையில் மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்தவர்களின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிட வேண்டும். அந்த வருடம் ஆறு குடும்பங்களின் பெயர்கள் நீக்குவதற்குத் தயாராக இருந்தன. தீர்மானத்தைத் தட்டச்சு செய்ததும் நான்தான். ஆனால் புதிதாக வந்த போதகர் குறுக்கே நின்றார். பெயரை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு குடும்பத்தையும் ஒருவர் நேரில் போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வரவேண்டும் என்றார். பூனைக்கு மணி கட்டும் வேலை. யாரும் முன்வராததால் சீட்டுக் குலுக்கினோம்.

எனக்கு வந்த சீட்டில் என் தோழியின் பெயர் இருந்தது. என்னைவிட எட்டு வயது இளையவள். கிள்ளானில் வீடு. பாடகர் குழுவில் பத்து வருடம் என் பக்கத்தில் நின்று பாடியவள். கணவர் இறந்த பிறகும் ஞாயிறு தவறாமல் மகளைக் கூட்டிக்கொண்டு கொமியூட்டர் ரயிலில் வந்துகொண்டிருந்தாள். மகளுக்கு அப்போது இருபது வயதுக்கு மேல். பிறவியிலேயே பேச்சு வராது. மகிழ்ச்சியோ பரபரப்போ வந்தால் மட்டும் உரக்க ஒரு குரல் கொடுப்பாள். திடீரென்று ஒருநாள் இருவரும் வருவதை நிறுத்திவிட்டார்கள். கிள்ளானில் ஒரு புதிய சபைக்குப் போகிறார்கள் என்று பிறகு தெரிந்தது. டமாரத்தில் மயங்கிவிட்டாள் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். ஏன் போனாய் என்று ஒரு போன் போட்டுக் கேட்கவில்லை. செயலாளர் என்ற முறையில் இரண்டு கடிதம் மட்டும் அனுப்பினேன்.

சீட்டில் அவள் பெயரைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி. எதிர்த்துப் பேசாதவள். உட்கார்ந்து பதினான்கு கேள்விகள் தயாரித்தேன். மறு ஞானஸ்நானம், அந்நிய பாஷை, தசமபாகம் என்று எதையும் விடவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே பதில் எழுத மூன்று வரி இடம் விட்டிருந்தேன். பழக்கதோஷம்.

போன் செய்தபோது, சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆராதனை, முடிந்ததும் பேசலாம் என்றாள். ஆராதனை முடியும்வரை கீழேயே நின்றுவிடுவது என்பது என் திட்டம். ஆனால் மழை கொட்டத் தொடங்கியது. டயர் கடைக்காரர், நெற்றியில் திருநீறு, கையெல்லாம் கறுப்பு எண்ணெய், என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்:

"ஆன்டி, ஏன் நனையிறீங்க? மேல போங்க லா. யாரும் புடிச்சிக் கடிக்கமாட்டாங்க."

ஏறினேன். பாதிப் படியிலேயே டிரம்ஸ் நெஞ்சில் இடித்தது. உள்ளே எழுபது எண்பது பேர். பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் ஒரு திரை, அதில் பாட்டின் வரிகள். கடைசி வரிசையில் உட்கார்ந்து கைக்குட்டையால் காதைப் பொத்திக்கொண்டு, குறை கணக்கெடுக்க ஆரம்பித்தேன். ஒரே வரியைப் பதினோரு தடவை பாடினார்கள். "செலுத்துகிறோம்" என்பதைத் திரையில் தப்பாக எழுதியிருந்தார்கள். ஒரு பெண்மணி அழுதுகொண்டே குதித்தார். எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்காது.

தோழி மூன்றாவது வரிசையில் நின்றிருந்தாள். பக்கத்தில் மகள், கையில் ஒரு கஞ்சிரா. பாட்டு உச்சத்துக்குப் போனபோது அந்தப் பெண் தலையை நிமிர்த்திக் குரல் கொடுத்தாள். எனக்குப் பழக்கமான குரல்தான். எங்கள் ஆலயத்தில் அது கேட்டால் நாற்பது கழுத்துகள் திரும்பும். அன்றைக்கும் நான் கழுத்துகளைப் பார்த்தேன். ஒன்றுகூடத் திரும்பவில்லை. அந்தச் சத்தத்தில் இவள் சத்தமும் ஒரு சத்தம், அவ்வளவுதான். கஞ்சிரா கீழே விழுந்தபோது முன்வரிசை ஆள் ஒருவர் எடுத்துக் கொடுத்துவிட்டுத் தொடர்ந்து பாடினார்.

ஆராதனை முடிந்ததும் பக்கத்திலிருந்த சாப்பாட்டுக் கடையில் மூவரும் உட்கார்ந்தோம். மகள் ரொட்டி சானாயைப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டாள். நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வந்தது. நான் கைப்பையிலிருந்து கேள்வித்தாளை எடுத்தேன். தோழி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"என்னக்கா, பரீட்சையா?"

"கமிட்டி கேக்கச் சொல்லுச்சிமா. மொதக் கேள்விய மட்டும் கேட்டுக்கிறேன். ஏன் நம்ம சபைய விட்டுப் போன?"

கேட்கும்போதே மகளின் கையில் கஞ்சிரா இருந்த காட்சி மனதில் வந்துபோனது. இருந்தாலும் நான் எதிர்பார்த்த பதில் வேறு. அற்புதம், அபிஷேகம் என்று ஏதாவது சொல்வாள், மறுத்துப் பேச வசனங்கள் தயாராக இருந்தன.

அவள் கண்ணாடி டம்ளரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். "நாற்காலி ஞாபகம் இருக்காக்கா?"

எனக்கு ஞாபகம் இருந்தது. நல்ல விஷயமாகவே ஞாபகம் இருந்தது. ஒரு திருவிருந்து ஞாயிறு, மிகவும் அமைதியான நேரத்தில், மகள் குரல் கொடுத்துவிட்டாள். ஆராதனை முடிந்ததும் நான் போய் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளைக்கு உள்ள புழுக்கமா இருக்கும்மா, வெளிய மரத்தடியில காத்தோட்டமா உக்காரலாமே" என்றேன். அடுத்த ஞாயிறு நானே மரத்தடியில் இரண்டு நாற்காலி போட்டு, ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் வைத்தேன். எவ்வளவு பக்குவமாகச் சொல்லி முடித்தேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

"எட்டு மாசம் அங்க உக்காந்திருந்தோம். ஜன்னல் வழியா பிரசங்கம் பாதிதான் கேக்கும். எல்லாரும் வெளிய வரும்போது தலைய ஆட்டிட்டுப் போவாங்க. யாருமே வந்து பக்கத்துல உக்காரல. அப்புறம் ஒரு நாள் எனக்கே தோணுச்சி. மரத்தடியிலதான் உக்காரணும்னா அதுக்கு எதுக்குக் கிள்ளான்லேர்ந்து ரயிலேறி வரணும்?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. வெட்கமாக இருந்தது. எட்டு மாதமும் ஞாயிறுதோறும் தலையை ஆட்டிவிட்டுப் போனவர்களில் நானும் ஒருத்தி. உடனே என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் தோன்றியது.

"அங்க மட்டும் எல்லாம் ஒழுங்கா? பேய் பிசாசுன்னு ஆரம்பிச்சிருப்பாங்களே?"

"ஆரம்பிச்சாங்க! நாங்க போன மறுமாசமே புள்ளமேல கைய வெச்சிப் பேய ஓட்டுறோம்னு வந்தாங்க. தொட்டா கைய உடைச்சிருவேன்னு கத்துனேன். ஆராதனையே நின்னு போச்சி. பாஸ்டரு வீட்டுக்கு வந்தாரு, அவருகிட்டயும் சண்ட. சண்ட முடிஞ்சி அவரு கெளம்பறப்ப ராத்திரி சாப்பாட்டு நேரமாயிருச்சி. அப்புறம் மன்னிப்பு கேட்டாரு."

"அப்புறமும் அங்கயே போறியே?"

"அவங்ககிட்ட சண்ட போட முடிஞ்சிச்சிக்கா. உங்ககிட்ட முடியல. நீங்க ரொம்ப மரியாதையா சொல்லிட்டீங்க."

நான் கேள்வித்தாளைக் கவிழ்த்து வைத்தேன். மகள் என் தட்டிலிருந்த ரொட்டியையும் எடுத்துக்கொண்டாள்.

மற்றப் பதின்மூன்று கேள்விகளை நான் கேட்கவில்லை. மறு ஞானஸ்நானத்தை அவளே ஒத்துக்கொண்டாள். மோரிப் கடலில் இருவரும் எடுத்தார்களாம். "இவ தண்ணிய விட்டு வரவே மாட்டேன்னுட்டா, பாஸ்டருக்குத்தான் ஜலதோஷம்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டாள்.

"அப்ப பேர எடுத்திருவீங்களாக்கா? அவரு பக்கத்துல எனக்கு இடம்?"

அவள் கணவரை எங்கள் சபைக்குரிய கல்லறை நிலத்தில் அடக்கம் செய்திருந்தோம். பக்கத்து இடம் அவளுக்கென்று ஒதுக்கியது. பெயர் பதிவேட்டில் இருந்தால்தான் அந்த இடம். நான் தட்டச்சு செய்த தீர்மானத்துக்குள் இது இருந்தது, எனக்கு உறைக்கவே இல்லை. "தெரியலம்மா" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் ஒவ்வொருவராக அறிக்கை படித்தார்கள். என் முறை வந்தபோது கேள்வித்தாளை மடித்து வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். நாற்காலியைப் போட்டது நான் என்பதையும் சொன்னேன். எங்கள் கமிட்டியின் மூத்த உறுப்பினர் ஒருவர் விடவில்லை. "பாவமாதான் இருக்கு. ஆனா சட்டம் சட்டம்தானே? அப்புறம் எதுக்கு நமக்கு ஞானஸ்நானம்?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். அந்த விஷயத்தில் நானும் அவர் பக்கம்தான். ஆனால் முதல் தடவையாக, அந்தக் கேள்வியை அவளை வெளியே வைத்துவிட்டுக் கேட்கக் கூடாது என்று சொன்னேன். நேரில் வந்து அவர்கள் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள், அவர்களும் நம்மைக் கேட்கட்டும் என்றேன். போதகர் தீர்மானத்தை ஒரு வருடம் ஒத்திவைத்தார்.

அதன் பிறகு அந்தக் கிள்ளான் சபையாரும் நாங்களும் வருடத்தில் சில தடவை பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ஆலய மண்டபத்தில் கூடிப் பேசுகிறோம். எல்லாம் சுமுகமாக நடக்கிறது என்று சொன்னால் பொய். முதல் கூட்டத்தில் எங்கள் மூத்தவரும் அவர்கள் பாஸ்டரும் ஞானஸ்நானத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் மேசையைத் தட்டிப் பேசினார்கள். ஒருவர் எழுந்தே போய்விட்டார், அடுத்த கூட்டத்துக்குத் திரும்பி வந்தார். "டமாரச் சபை" என்று பெயர் வைத்தது யார் என்று அவர்கள் கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். தீர்மானம் வருடாவருடம் ஒத்திப்போகிறது. தோழியின் பெயர் இன்னும் பதிவேட்டில் இருக்கிறது. அடுத்த வருடம் என்ன ஆகும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

முதல் கூட்டத்துக்கு அவள் மகளோடு வந்திருந்தாள். மேசைச் சண்டை உச்சத்தில் இருந்தபோது மகள் உரக்கக் குரல் கொடுத்தாள். எல்லாக் கழுத்தும் திரும்பின, என் கழுத்தும்தான். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆனால் தோழி எழுந்து வெளியே போகவில்லை. என்னை நேராகப் பார்த்து, "என்னக்கா, நாற்காலி போடப் போறீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். மண்டபமே சிரித்தது. எனக்குச் சுருக்கென்று தைத்தது, கூடவே பெரிய நிம்மதியாகவும் இருந்தது. கடைசியில் அவளால் என்னோடு சண்டை போட முடிந்துவிட்டது.

இப்போதெல்லாம் யாரிடமாவது ஒன்றை மிகவும் பக்குவமாகச் சொல்லிவிட்டோம் என்று எனக்குத் திருப்தி வரும்போது, அவர்கள் என்னைத் திருப்பிக் கேட்க இடம் வைத்தேனா என்று அந்த மரத்தடி நாற்காலி என்னைக் கேட்காமல் விடுவதில்லை.