தடைக்காலத்தில் பார்த்த இரண்டு பள்ளிகள்

மீன்பிடித் தடைக்காலம் வந்தால்தான் நான் வீட்டில் இருப்பேன். மற்ற மாதங்களில் விசைப்படகு ஏறினால் கரை திரும்பப் பத்து நாளாகும். மகள் பத்தாம் வகுப்பு தேறியது நல்லவேளையாகத் தடைக்காலத்தில். பதினொன்றில் சயின்ஸ் குரூப் எடுத்து நர்சாக வேண்டும் என்பது அவள் ஆசை. திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கமாக இரண்டு அரசுப் பள்ளிகள். ஒன்று கடல் பக்கம், இன்னொன்று ரயில் பாதையைத் தாண்டி. எது நல்லது என்று நானே பார்த்துச் சொல்கிறேன் என்று மார்தட்டிக் கிளம்பினேன்.

கோடை விடுமுறை. இரண்டிலும் ஆபீசில் மட்டும் ஆளிருந்தது. பாதைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளி படு கலீஜ். சுவரெல்லாம் ஈரம், பெஞ்சுகள் ஆடின. கடல் பக்கத்துப் பள்ளியிலோ புதுக் கட்டடம், பளபளவென்று டைல்ஸ். கழிவறைக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. என் மனசு அங்கேயே விழுந்துவிட்டது.

மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "நைனா, ரயில் பாதைக்கு அந்தாண்ட கீற ஸ்கூல்லதான் டீச்சருங்க நல்லா எடுப்பாங்களாம். அங்க படிக்கிற அக்காங்க சொல்றாங்க."

"அங்க போற வழி கண்டெய்னர் லாரி ஓடுற ரோட்டு. தெனம் நீ தாண்டுவியா? சும்மா இரு" என்று அவள் வாயை அடைத்தேன். பெரிய மனுஷன் அல்லவா! மறுநாளே கடல் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தேன்.

தடை முடிந்து கடலுக்குப் போனேன். திரும்பி வந்தபோது வகுப்பு தொடங்கி நாளாகியிருந்தது. "பிசிக்ஸுக்கும் பயாலஜிக்கும் டீச்சரே இல்ல நைனா. இன்னும் போடலயாம்" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை அறுத்தது.

கோபத்தையெல்லாம் மனைவி வைத்திருந்தாள். "போட்டுல சேரச்சொல்லோ மொதல்ல போட்ட ஓட்டுற டிரைவரு யாருன்னு கேப்ப. ஸ்கூலுக்குப் போயி கக்கூஸப் பாத்துகினு வந்துகீற!"

 அவள் சொன்னது அத்தனையும் நிஜம்.

மீன்வாடை போகாத சட்டையோடு தலைமை ஆசிரியையிடம் ஓடினேன். அந்த அம்மா என்னை உட்காரவைத்தே பேசினார். "நானும் மேல எழுதிக்கிட்டேதாங்க இருக்கேன். எப்ப வருவாங்கன்னு என்னால சொல்ல முடியல." ரயில் பாதையைத் தாண்டி அந்தக் கலீஜான பள்ளிக்குப் போனேன். அறைக்குள் ஒரு டீச்சர் பாடம் நடத்தும் குரல் வராந்தா வரைக்கும் கேட்டது. "சயின்ஸ் குரூப் நிரம்பிடுச்சுங்க. காமர்ஸ் வேணா தரலாம்" என்றார்கள். யாரிடம் சண்டை போடுவது? இரண்டு இடத்திலும் நல்லவிதமாகத்தான் பேசினார்கள். கெஞ்சிப் பார்த்தேன், நின்று பார்த்தேன். வெளியே வந்ததும் நட்டநடு ரோட்டில் அழுகை முட்டியது.

அன்று சாயங்காலமே படகு மறுபடி கிளம்ப வேண்டும். மகள் பயாலஜி புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தையே பார்த்தபடி இருந்தாள்.

"இன்னாம்மா புரியல? கொண்டா, பாக்கலாம்" என்று வாங்கினேன். எட்டாவதோடு நின்றவன் நான். முதல் வரியைப் படித்தேன். திரும்பவும் படித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வுடு நைனா, போட்டுக்கு டைம் ஆவுது" என்று புத்தகத்தை என் கையிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டாள்.