செய்தவர் பெயர்

நேற்று மேடவாக்கத்திலிருந்து மகள் போன் செய்தாள். வருடம் முழுக்கச் செய்த வேலையை அவளே எழுதி ஆபீஸில் தர வேண்டுமாம். "அப்பா, நாலு பேர் சேர்ந்து செஞ்சதை 'நான் செஞ்சேன்'னு எழுதச் சொல்றாங்கப்பா. எழுதலாமா?" யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை. அதனால் பிள்ளைகளே, உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

ஈயம் உருகும் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு ஏகாம்பரம் ஞாபகம்தான். தாம்பரத்தில் யூபிஎஸ் பழுது பார்க்கும் ஒரு கம்பெனியில் நாங்கள் ஜோடி. அவன் பக்கத்துக் கீழ்க்கட்டளை ஊர்க்காரன். போர்டை மூக்கருகே வைத்து முகர்ந்தே எந்தப் பாகம் எரிந்தது என்று சொல்லிவிடுவான். எனக்கு அந்த மூக்கு இல்லை, ஜலதோஷம்தான் உண்டு. ஆனால் பத்தாவது பாஸ் என்பதால் இங்கிலீஷில் நாலு வரி எழுதுவேன், பிழையோடு. அவன் சரி செய்வான், நான் ரிப்போர்ட் எழுதுவேன். "இன்னா மச்சான், கை வலிக்குதா? சோடா வாங்கியாரட்டா?" என்று கிண்டல் செய்வான்.

ரிப்போர்ட்டின் அடியில் 'டன் பை' (Done by) என்று ஒரு கட்டம். வேலையைச் செய்தவர் பெயரைத்தான் அது கேட்கிறது. நானோ, ரிப்போர்ட்டை எழுதி முடித்தவன் பெயர் என்று நினைத்து என் பெயரையே போட்டுவந்தேன். என் இங்கிலீஷ் அவ்வளவுதான்.

சீனியர் டெக்னீஷியன் பதவி வந்தபோது ரிப்போர்ட்டுகளைப் புரட்டிப் பார்த்து எனக்குக் கொடுத்தார்கள். அன்றைக்குத்தான் அந்தக் கட்டம் எனக்குப் புரிந்தது. ஏகாம்பரம் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன்.

பிறகு அவனுக்கு வேறொரு பெரிய கம்பெனியில் இடம் வந்தது. அனுபவச் சான்றிதழ் கேட்டார்கள். எங்கள் ஆபீஸில் அவன் பெயரில் ஒரு ரிப்போர்ட்கூட இல்லை. 'ஹெல்பர்' என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளோடு என் மேஜைக்கு வந்தான்.

"நீ ஒரு வார்த்த மேனேஜர் சாராண்ட சொல்லு மச்சான். அது போதும்."

சொல்கிறேன் என்றேன். நாளைக்கு, திங்கட்கிழமை, என்று தள்ளினேன். சொன்னால் பதவி போய்விடுமோ என்ற பயம். மூன்றாவது வாரம், "வுடு, அந்த எடம் பூட்ச்சு" என்றான். அதற்கப்புறம் என்னை 'சார்' என்றுதான் கூப்பிட்டான். அந்த மாதத்தோடு நின்றுவிட்டான்.

சில வருடம் கழித்து அவன் வீட்டைத் தேடிப் போனேன். இடித்து அடுக்குமாடி கட்டியிருந்தார்கள். எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு கம்பெனியும் மூடப்பட்டது. ரிப்போர்ட் கட்டுகளைப் பழைய பேப்பர்காரர் வந்து எடுத்துப் போனார். வண்டியில் ஏற்ற நானும் கை கொடுத்தேன். பெயரை மாற்றி எழுத இனி ஒரு தாளும் இல்லை.