யார் கூப்பிட்டும் வராதது

மந்தைவெளிப் பக்கம் பத்ரிநாராயணன் என்று கேட்டால் எந்த பத்ரி என்பார்கள். குரல் பத்ரி என்றால் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் வீட்டைக் காட்டுவார்கள். தொலைபேசித் துறையில் காலம் தள்ளிய மனிதர். தொண்டையில் நூறு பேரைக் குடிவைத்திருந்தார், ஒருவரிடமும் வாடகை வாங்கியதில்லை. மேலதிகாரி குரலில் சக ஊழியர்களுக்கு லீவு கொடுத்து, அவர்கள் சினிமாவுக்குப் போய்விட்டு மறுநாள் மாட்டிக்கொண்டதெல்லாம் உண்டு. எந்தக் கல்யாணத்திலும் சாப்பாடு முடிந்த கையோடு யாராவது நாற்காலி போடுவார்கள். பத்ரி சும்மா ஒரு பேச்சுக்கு மறுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். பாராட்டு என்றால் மனிதருக்கு அவ்வளவு பசி.

அவருடைய சரக்கிலேயே உயர்ந்த சரக்கு, அத்திம்பேர். அதாவது அக்கா பத்மாசனியின் கணவர் சேஷாத்ரி. அவர் எங்கே கிளம்பினாலும் மாடிப்படிக்குக் கீழே நின்று இரண்டு தடவை தொண்டையைச் செருமிவிட்டு, “பத்தூ, நாழியாறது, வா” என்று மனைவிக்குக் குரல் கொடுப்பார். அவர் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே பத்ரி படிக்கட்டில் நின்று அதே செருமலோடு கூப்பிடுவார். அக்கா புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்தபடி தடதடவென்று இறங்கி வந்து, நிற்பது தம்பி என்று தெரிந்ததும் கையில் கிடைத்ததை வீசுவாள். அத்திம்பேர் போய்ச் சேர்ந்த பிறகு பத்ரி அந்தக் குரலை எடுக்கவே இல்லை. அந்த மட்டும் அவருக்கு விவஸ்தை இருந்தது.

போன சித்திரையில் மகள் கீர்த்தி அவரை அமெரிக்காவுக்கு அழைத்தாள். மிசௌரியில் ஒரு சிற்றூர். வீட்டுக்குப் பின்னாலேயே காடு. குளிர்காலம் முடிந்து மரங்கள் துளிர்விடும் நேரம். விடிந்தும் விடியாமலும் பத்ரி காப்பியோடு பின்பக்கம் வந்து உட்கார்ந்தால், காட்டு வான்கோழிகளின் சத்தம் கேட்கும். ஆண் பறவை உயரமான கிளையிலிருந்து தண்டவாளம் அதிர்வதுபோல ஒரு கொக்கரிப்பு விடும். பெண் பறவை கீழே, துருப்பிடித்த கீல் முனகுவதைப்போல, விட்டு விட்டுக் கூப்பிடும். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாத ஊரில் பத்ரி அதோடு பேச ஆரம்பித்தார். சில நாட்களிலேயே பெண் பறவையின் குரல் அவருக்குப் படிந்துவிட்டது.

பக்கத்து வீட்டு டேல் என்ற கிழவர் வேலிக்கு அந்தப்புறம் நின்று அதைக் கேட்டார். பறவை என்று நினைத்துத் தேடி வந்தவர், பஞ்சகச்சம் கட்டி உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பார்த்து வேலியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். டேல் ஒரு வேட்டைக்காரர். வசந்தத்தில் ஆண் வான்கோழி வேட்டைக்கு அங்கே அரசாங்க அனுமதி உண்டு. வேட்டைக்காரன் இலைதழை நிறத்தில் உடுத்திக்கொண்டு, மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்து, பெண் பறவைபோலச் சத்தம் கொடுப்பான். ஜோடி தேடி ஆண் வரும். அதற்கென்றே, உரசினால் அந்தச் சத்தம் வரும் மரப்பெட்டி, விசில் எல்லாம் விற்கிறார்கள்.

“நீங்கள் வந்து கூப்பிட்டால் போதும். சுடுவது என் வேலை” என்றார் டேல்.

முட்டைகூடத் தொடாத குடும்பம். ஆனாலும் பத்ரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கூப்பிடுவது பாவமா என்ன, கூப்பிடுவதுதானே என்று தனக்குத் தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டார். கீர்த்தியிடம் நடைப்பயிற்சிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, டேல் கொடுத்த பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மரத்தடியில் உட்கார்ந்து கூப்பிட்டார். பதில் இல்லை. தூரத்தில் வேறொரு பறவை கொக்கரித்தது, அதுவும் அடங்கியது. வெகுநேரம் கழித்து டேல் கண்ணால் காட்டிய திசையில் பார்த்தால், ஒரு ஆண் பறவை சத்தமே போடாமல் வந்து மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. கழுத்து மட்டும் நீண்டிருந்தது. ஒரு பக்கத்துக் கண். அது எதையும் நம்பவில்லை என்பது பத்ரிக்கே தெரிந்தது. இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் திரும்பிப் போயிருக்கும். டேல் உதட்டசைவில், “இன்னும் ஒரு தடவை” என்றார்.

பத்ரி அடித்தொண்டையில், மிக மெதுவாக, பக்கத்தில் இருப்பவளிடம் ரகசியம் சொல்வதுபோலக் கூப்பிட்டார். அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமாக ஒரு குரல் வந்ததில்லை. பறவை மரத்தைவிட்டு வெளியே வந்து, தோகையை விரித்தது. வெடிச் சத்தத்தில் அவர் காது அடைத்துப்போயிற்று.

அத்தோடு விட்டிருந்தாலும் மனிதர் தேறியிருப்பார். டேல் செத்த பறவையின் வயசைப் பார்க்க உட்கார்ந்தார். நெஞ்சில் தொங்கும் முடிக்கற்றைக்கு அங்கே தாடி என்று பெயர். அதை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, “இதை நம்பக் கூடாது, தரையில் உரசித் தேய்ந்துவிடும்” என்றார். பிறகு காலைத் தூக்கி, பின்பக்கம் இருந்த முள்ளைக் காட்டினார். ஒரு வயசுப் பறவைக்கு அந்த இடத்தில் வெறும் பொத்தான்போல ஒரு புடைப்பு இருக்குமாம். இரண்டு வயசில் நேராக, மழுங்கலாக, ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்குமாம். இதற்கோ ஒன்றரை அங்குலம் நீண்டு, மேல்நோக்கி வளைந்து, நுனி ஊசியாக இருந்தது.

“நாலு வயசு முடிந்திருக்கும். ஐந்தாகக்கூட இருக்கலாம். குஞ்சுப் பயல்கள் எதைக் கேட்டாலும் ஓடி வந்து செத்துப்போவார்கள். இவன் எத்தனை வருஷமாக என் பெட்டியையும் விசிலையும் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவன் தெரியுமா? யார் கூப்பிட்டும் வராதவன். உங்களிடம் வந்துவிட்டான்!”

டேல் அதைப் பெரிய பாராட்டாகத்தான் சொன்னார். தோளில் தட்டினார். பத்ரி தன் ஆயுளில் வாங்கிய கடைசிப் பாராட்டு அது.

சென்னை திரும்பியவர் வேறு ஆளாக இருந்தார். கீரைக்காரியைக் கூப்பிட வாயைத் திறந்தால்கூட மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கழுத்து நீளும். கல்யாணங்களில் நாற்காலி போட்டார்கள். தொண்டை சரியில்லை என்றார். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை முத்து மாதிரி இருக்கிறது என்றார். மார்கழியில் ஒருநாள் மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் போனபோது, கறிக்கடை லாரன்ஸ் கிறிஸ்துமஸுக்காக ஒரு வான்கோழியைக் கடை வாசலில் கட்டிவைத்திருந்தான். அது பத்ரியைத் தலை சாய்த்துப் பார்த்தது. அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இன்னா சார், சைவம்னா பாக்கவே கூடாதா?” என்று சிரித்தான் லாரன்ஸ்.

“அதுக்கு என்ன வயசுப்பா?”

“ஏழு மாசம் சார். முள்ளே இன்னும் மொளைக்கல, கால பாருங்கோ.”

பத்ரி காலைப் பார்க்கவில்லை. அதன் பிறகு காய்கறிக்கு அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டார்.

தை பிறந்ததும் அக்கா பத்மாசனி விவகாரம் வந்தது. மந்தைவெளியில் அவள் இருந்த பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். கீழ்வீட்டுக்காரர்கள் போயாயிற்று. அக்கா மட்டும் மாடியில். சமீபமாக நினைவு வேறு முன்னும் பின்னும் போகிறது. சிட்னியிலிருந்து வந்த அவள் பிள்ளை சாய்சரண் கேளம்பாக்கம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் பணம் கட்டிவிட்டான். அக்கா கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வியாழக்கிழமை அழைத்துப் போக வந்தபோது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறினாள். வெள்ளிக்கிழமை காலையில் கார் வந்து நின்றது. பத்ரியும் படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றார்.

“மாமா, அப்பா மாதிரி ஒரு தடவை கூப்பிடுங்கோ. இறங்கி வந்துடுவா” என்றான் சாய்சரண்.

பத்ரி வாசல் பக்கம் இரண்டு எட்டு நகர்ந்தார். “முடியாதுடா. வேற எது வேணா கேளு.”

“நாளைக்குக் கரண்ட்டை வெட்டிடுவான். ஞாத்திக்கிழமை நான் பிளேன் ஏறணும். நீங்க உங்காத்துல வச்சுக்கறேளா? இல்லை, நாலு ஆளை விட்டுக் கதவை உடைச்சுத் தூக்கிண்டு போகவா? சொல்லுங்கோ.”

பத்ரியின் வீடு ராஜா அண்ணாமலைபுரத்தில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மனைவிக்கு முட்டி இரண்டும் போய்விட்டது. அவர் சொல்லாத இந்தக் காரணங்கள் சாய்சரணுக்கும் தெரியும். நாலு ஆள் அக்காவின் கையைக் கம்பியிலிருந்து பிரிப்பதை நினைத்துப் பார்த்தார். ஒரு தடவை தொண்டையைச் செருமினார். இரண்டாவது செருமல் அவர் கேட்காமலேயே வந்தது.

“பத்தூ, நாழியாறது, வா.”

மாடியில் ஏதோ பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. பிறகு தாழ்ப்பாள் விலகியது. அக்கா மேல்படிக்கு வந்து, சுவரைப் பிடித்தபடி நின்றாள். கீழே இருட்டு. எட்டிப் பார்த்தாள். சாய்சரண் பின்னாலிருந்து கிசுகிசுத்தான், “இன்னும் ஒரு தடவை மாமா.”

பத்ரிக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பதே ஒரு கணம் குழம்பிவிட்டது. ஆனால் குரல் குழம்பவில்லை. மெதுவாக, அருகில் இருப்பவளிடம் சொல்வதுபோல வந்தது. “வா, பத்தூ.”

அவள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது மாம்பழக் கலர்ப் புடவைக்கு மாறியிருந்தாள், தலையை வாரியிருந்தாள். ஒவ்வொரு படியாக இறங்கினாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். தம்பியைத் தாண்டும்போது, “நீ எப்போடா வந்தே?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் தெருவுக்குப் போய்விட்டாள். பத்ரி இருட்டிலேயே நின்றார்.

காரில் ஏறி ஓரமாக உட்கார்ந்த அக்கா, பக்கத்து இடத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். அங்கே உட்காரப் போன பிள்ளையைக் கையைக் காட்டித் தடுத்தாள். “முன்னாடி போய் உக்காரு. இங்கே அப்பா வரணும்.”

டிரைவர் வண்டியைக் கிளப்பினான். “இருப்பா, பூட்டிண்டு வரார்” என்றாள். அவன் திருதிருவென்று விழித்தபடி சாய்சரணைப் பார்த்தான். “சார், இன்னும் ஆள் வரணுமா? வெய்ட் பண்ணட்டா?” சாய்சரண் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். பெற்ற பிள்ளைக்கு அதற்குமேல் தைரியம் இல்லை.

அக்கா ஜன்னல் வழியே வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். “ஏன்னா! நாழியாறது, வாங்கோ!”

சின்ன வயசுக் குரல். பத்ரி அதைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. சுவரில் சாய்ந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அக்கா இன்னொரு தடவை கூப்பிட்டாள். இந்தத் தடவை குரலில் லேசாகப் பயம் தட்டியது. கார்க் கதவின் கைப்பிடி அசையும் சத்தம் கேட்டது.

பத்ரி கையை எடுத்தார். தொண்டை தானாகவே இரண்டு தடவை செருமியது.

“நீ முன்னாடி போ, பத்தூ. நான் பின்னாலேயே வரேன்.”

“அதானே பாத்தேன்” என்றாள் அக்கா. “போப்பா. பின்னாலேயே வரேன்னுட்டார்.”

கார் நகர்ந்தது. தெருமுனை திரும்பும்வரை அவள் பின்கண்ணாடி வழியாக வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டு போனாள்.