கரிக்குக் கீழே தோண்டியவர்

அவரைப் பூச்சிக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். சுரங்கக் குழி இறக்குவது தொழில். நாற்பது வயதுக்குள் நான்கு ஊர்களில் ஒன்பது குழிகள் இறக்கியிருந்தார். பாறைகளுக்கு வரைபடம் என்று ஒன்று அப்போது கிடையாது. எதற்கு அடியில் எது இருக்கும் என்பது தோண்டினவன் கைக்குத்தான் தெரியும்.

அவர் கைக்குத் தெரிந்தது இது: நிலக்கரியை எடுத்து முடித்து இன்னும் கீழே போனால், எல்லா ஊரிலும் கடைசியில் ஒரு கறுப்புப் பலகைக்கல் வரும். தட்டினால் ஏடு ஏடாகப் பிரியும். உள்ளே மரவட்டை மாதிரி ஒரு பூச்சியின் அச்சு இருக்கும். அந்தப் பூச்சியைப் பார்த்த பிறகு ஒரு பிடி கரிகூட அவர் கண்டதில்லை. அச்சு விழுந்த கற்களை வீட்டு ஜன்னலில் அடுக்கி வைத்திருந்தார்.

"எல்லார் வீட்லயும் பூச்சி மாவுல இருக்கும். மாமா வீட்ல கல்லுல இருக்கு" என்று மச்சினன் கேலி செய்வான். மனைவிக்கு ஒரே தம்பி. அவனும் அதே குழியில்தான் வேலை பார்த்தான்.

பத்தாவது குழி ஒரு நிலச்சொந்தக்காரருடையது. அறுபதாவது அடியிலேயே கறுப்புக் கல் வந்துவிட்டது. கல்லே கறுப்பென்றால் கரி பக்கத்தில்தான் என்று கூட இருந்தவர்கள் தூபம் போட, முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. பூச்சிக்காரர் ஓர் ஏட்டைப் பிரித்து நீட்டினார்.

"இங்க கரி வராதுங்க ஐயா. நாம கரிக்குக் கீழ நின்னு தோண்டிட்டு இருக்கோம்."

"நீ எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்ச?"

"படிக்கலீங்க. தோண்டியிருக்கேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "அப்ப தோண்டு" என்றார் முதலாளி.

தோண்டினார். குடியிருந்த வீடு முதலாளியுடையது. வேறு வேலையும் கண்ணில் படவில்லை. இரண்டு வருஷம் தினமும் வாளியில் இறங்கி ஏறினார். "ஏதாச்சும் தென்பட்டுச்சா?" என்று மனைவி கேட்பாள். "பாக்கலாம்" என்பார்.

இருநூற்றெண்பதாவது அடியில், உள்ளங்கை அகலத்துக்கு முழுப் பூச்சி ஒன்று கிடைத்தது. இதைப் பார்த்தாலாவது முதலாளி மனசு மாறும் என்று அவருக்குத் தோன்றியது.

"போய்க் காட்டிட்டு வாங்க மாமா. உங்க வேலையையும் நான் பாத்துக்கறேன்" என்றான் மச்சினன்.

பூச்சிக்காரர் முதலாளி வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் நின்றார். ஐயா சாப்பிடுகிறார் என்று ஆள் வந்து சொன்னான். கல்லோடு திரும்பி வந்தபோது குழியைச் சுற்றிக் கூட்டம். முட்டுக் கொடுத்த மரங்கள் முறிந்து, பக்கச் சுவர் சரிந்து அடியை மூடியிருந்தது. அவரே இறங்கி வெறுங்கையால் கல்லைப் புரட்டினார். மறுநாள் மதியம்தான் மச்சினன் உடல் மேலே வந்தது.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "கரி வராதுன்னு முதல்லயே சொன்னீங்களாமே?"

"சொன்னேன்."

"எங்கிட்ட சொல்லலியே. சொல்லியிருந்தா அவனைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பேனே."



முதலாளி ஆட்களை மாற்றித் தோண்டிக்கொண்டே இருந்தார். அடுத்த வருஷம் சுத்தியலும் தோல்பையுமாக ஒரு படித்தவர் வந்தார். எந்தப் பாறைமேல் எந்தப் பாறை என்று நாடு முழுக்க நடந்து படம் போடுகிறவர். மூன்று நாள் பூச்சிக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டு எழுதினார். தெரிந்ததையெல்லாம் இவர் சொன்னார். மச்சினனைப் பற்றியும் சொன்னார். அந்த இடத்தில் மட்டும் பென்சில் நின்றது. படித்தவர் மரியாதைக்குத் தலையை ஆட்டிவிட்டு, "கறுப்புக் கல்லு எத்தனை அடி கனம்னு சொன்னீங்க?" என்றார்.

இங்கே கரி இல்லை என்று படித்தவர் ஒரு வார்த்தை சொன்னதும் முதலாளி அன்றைக்கே வேலையை நிறுத்தினார். "இதைச் சொல்ல இத்தனை நாளா ஒரு ஆள் இல்லாமப் போச்சே" என்று அங்கலாய்த்தார். பூச்சிக்காரர் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தார்.

பிறகு வரைபடம் அச்சாகி வந்தது. 'உள்ளூர்த் தொழிலாளி ஒருவர் கூறியபடி' என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்ததாக யாரோ படித்துச் சொன்னார்கள். குழியை மூடும் வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது. மூன்று வருஷம் அள்ளிய கல்லை ஏழு மாதத்தில் உள்ளே தள்ளினார். அதற்குப் பின் குழி இறக்கப் போகவில்லை. செங்கல் சூளையில் மண் மிதித்தார்.

மனைவி கூடவேதான் இருந்தாள். சமைத்தாள், பேசினாள். எந்தப் பேச்சும் தம்பியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போயிற்று. கல்தூசி நெஞ்சை அடைத்து ஐம்பத்து மூன்று வயதில் அவர் படுத்த படுக்கையாகி, கடைசியாக அவள் கையைப் பிடித்தபோதும் அப்படித்தான்.